200 பை அடிப்பதற்கு முன்னால்

பனங்காடும் தூக்கணாங்குருவிக் கூடுமாக நான் வரைந்த 12 படங்களைத் துணிப்பையில் அச்சடித்து விற்கலாம் என்று முடிவு செய்திருந்தேன். மதுரையில் பை தைத்து அச்சடிக்கும் அண்ணன், "ஒவ்வொரு படத்துக்கும் 200 அடிச்சாத்தான் ரேட்டு கட்டும்க்கா" என்றார். முன்பணம் கொடுக்கப் போகிற வாரம், தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டதே, "எத்தனை பை?" என்றுதான்.

வரைந்த உடனே பதிப்புரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை, வாழ்நாளுக்கு அப்புறமும் 60 வருஷம் இருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவுதான் தெரியாது. டிசைனாக, அதாவது ஒரு பொருளின் தோற்றமாகப் பதிவு செய்யக்கூடிய ஒன்றை அப்படிப் பதியாமலே தொழிற்சாலை முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் ஏற்றிவிட்டால், அந்த டிசைனுக்குப் பதிப்புரிமை நிற்காது. காகிதத்தில் இருக்கும் ஓவியம் என்னுடையதுதான். ஆனால் பையில் ஏறிய வடிவத்தை வேறொருவர் அப்படியே அடித்தால், தடுப்பது கஷ்டமாகிவிடும். 51-வது பையிலேயே கைவிட்டுப் போகக்கூடியதை நான் 200 அடிக்கக் கிளம்பியிருந்தேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

சரி, டிசைன் பதிவு, பதிப்புரிமைப் பதிவு என்று இரண்டு பக்கமும் போக வேண்டும் என்று ஆனது. டிசைன் பதிவுக்குத் தனிநபர் என்றால் ஒரு விண்ணப்பத்துக்கு 1000 ரூபாய். பொருளின் வகையைப் பொறுத்து பைக்கு ஒரு வகுப்பு, அதே படத்தைக் கப்பில் போட்டால் இன்னொரு வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம். 10 வருஷம் பாதுகாப்பு, மேலும் 5 வருஷம் நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் அது புதியதாக இருக்க வேண்டும், அதற்கு முன் வெளியாகியிருக்கக் கூடாது. களிமண்ணில் மின்மினிப்பூச்சி ஒட்டிய கூடு ஒன்று வரைந்திருந்தேன். பன்னிரண்டில் எனக்கு உயிரான படம் அதுதான். அதைப் பையில் வைத்த மாதிரிப் படத்தை ஆடி மாதமே இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டேன். "இது புதுசுன்னு நிக்காது, விட்டுடுங்க" என்றார் வக்கீல். இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது. விற்க நினைக்கும் படத்தை விண்ணப்பம் போடும்வரை தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள்.

பதிப்புரிமைக்கு ஆன்லைனில் படிவம் 14. ஓவியத்துக்கு 500 ரூபாய்தான் என்று நினைத்திருந்தேன். விற்பனைப் பொருளில் பயன்படும் ஓவியம் என்றால் 2000. அதோடு, அதே மாதிரி வணிகக் குறி இல்லை என்று டிரேட்மார்க் பதிவாளரிடம் தேடல் சான்றிதழும் வாங்க வேண்டும். அதனால் மூன்று படங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான டைரி எண் வந்ததும், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பொறுக்க வேண்டும். அதன் பிறகுதான் பரிசீலனை. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. இனிஷியலை ஓர் இடத்தில் பெயருக்கு முன்னாலும் இன்னோர் இடத்தில் பின்னாலும் போட்டிருந்தேன், அவ்வளவுதான். ஆதார் நகலோடு பதில் அனுப்பினேன்.

இதற்கிடையில் ஒரு கடைக்காரர் "மொத்த உரிமையும் எழுதிக் கொடுங்க" என்று கேட்டார். மூன்று படம், பைக்கு மட்டும், இரண்டு வருஷம் என்று அனுமதி எழுதிக் கொடுத்தேன். காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் சட்டப்படி 5 வருஷம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

டிசைன் விண்ணப்ப எண்கள் கைக்கு வந்த மறுநாள் காலையில் மதுரைக்குப் போன் போட்டேன்.

"அடிங்கண்ணே, 200. கூடு படம் மட்டும் வேண்டாம்."