ஞானஸ்நானத் துண்டு தொலைந்தவர்களுக்கு: முத்தையன்கட்டிலிருந்து ஓர் அனுபவம்

கத்தோலிக்கம் அல்லாத வேறு சபையில் ஞானஸ்நானம் எடுத்து, பிறகு கத்தோலிக்கத் திருச்சபைக்கு வர விரும்புகிறவர்கள் எங்கள் முல்லைத்தீவுப் பக்கத்தில் கொஞ்சப்பேர் இருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்றதற்கான சான்றிதழ், அதாவது துண்டு, இல்லை என்று அலைக்கழிந்து, களைத்து, விட்டுவிட்டவர்களையும் தெரியும். எனக்கு இந்த வருசம் சரிவந்தது. ஆனால் பட்ட பாடு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

நான் 2005 இல் முத்தையன்கட்டு வாய்க்காலில், தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குக் கொஞ்சம் கீழே, இடுப்பளவு தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றேன். அந்தத் துண்டு 2009 இல், இறுதிப் போரின்போது, மாத்தளனில் பையோடு போய்விட்டது. அதே பையில் போன பிறப்புச் சான்றிதழுக்கு அரச அலுவலகமான கச்சேரியில் பிரதி எடுத்தாயிற்று. சபைத் துண்டுக்கு எந்தக் கச்சேரிக்குப் போவது?

முதலில் எனக்கு ஞானஸ்நானம் தந்த போதகரிடமே போனேன். இன்ன வருசம், இன்ன இடத்தில் கொடுத்தேன் என்று இரண்டு வரி எழுதித் தந்தால் போதும் என்றேன். அவர் சுவரில் மாட்டியிருந்த வசனத்தைக் காட்டினார். யோசுவா 24:15. “யாரைச் சேவிக்கப் போறீர் எண்டு இண்டைக்கே தெரிஞ்சுகொள்ளும் சகோதரி. விட்டுட்டுப் போற ஆளுக்கு நான் கடிதம் தரமாட்டன்.”

அந்தச் சொல் என்னைச் சுட்டது. வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முழுதும் வாசித்தேன். சீகேமில் யோசுவா சனங்களுக்கு முன்னால் வைத்தது, நதிக்கு அப்பால் முன்னோர் வணங்கிய தேவர்களும் எமோரியரின் தேவர்களும் ஒரு பக்கம், கர்த்தர் மறுபக்கம் என்ற தெரிவை. கர்த்தரையே கும்பிடுகிற இரண்டு கூட்டங்களில் எது என்று அவர் கேட்கவேயில்லை. நான் யாரைச் சேவிப்பது என்பதை அந்த வாய்க்காலிலேயே முடிவெடுத்துவிட்டேன். அகதி முகாமில் பூசைக்குப் போகத் தொடங்கியதும், நற்கருணை மேல் ஆசை வந்ததும் அதே ஆண்டவரைத் தேடித்தான். என் வீட்டுக்காரர் சைவம், வைகாசி வந்தால் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறவர். அவர் ஒரு சொல் தடுத்துச் சொல்லவில்லை. தடுத்தது கிறிஸ்தவர்கள்தான். அது எனக்கு இன்றைக்கும் நோகிறது.

அடுத்த தடை கத்தோலிக்கக் கோயில் அலுவலகத்தில். அங்கே இருந்த தம்பி, “துண்டு இல்லாட்டித் திரும்ப எடுக்கத்தான் வேணும் அக்கா. இல்லாட்டி விதானையாரிட்டக் கடிதமும், சமாதான நீதவானிட்டச் சத்தியக்கடதாசியும் கொண்டாங்கோ” என்றார். எங்கள் பிரிவின் கிராம அலுவலரான விதானையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்கள் இந்தப் பிரிவில இருக்கிறீங்கள் எண்டு எழுதித் தரலாம் தங்கச்சி. தண்ணியில முழுகினதுக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?” என்று கேட்டார். நியாயம்தானே. யாரோ சொன்னார்கள் என்று மாங்குளம் போய் பஸ் மாறி வவுனியாவுக்கும் போனேன். அங்கே, வவுனியா மன்னார் மறைமாவட்டம், முல்லைத்தீவும் கிளிநொச்சியும் யாழ்ப்பாணம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் கூலியும் போனது.

கடைசியில் பங்குத்தந்தையை, அவர் தங்கும் அறைவீட்டில் நேரே கண்டேன். இதை முதலே செய்யும்படிதான் எல்லாருக்கும் சொல்கிறேன். அலுவலகத்தோடு நிற்காதீர்கள். பாதர் கேட்டவை சின்னக் கேள்விகள்: தண்ணீரா? என்ன சொல்லித் தந்தார்கள்? பார்த்தவர் யாரும் உயிரோடு இருக்கிறார்களா? திருச்சபைச் சட்டம் 876 இன்படி, யாருக்கும் பாதகம் இல்லாத இடத்தில், நம்பத்தக்க ஒரு சாட்சி போதும். வளர்ந்தபின் பெற்றவரென்றால் அவருடைய சத்தியமே போதும். தண்ணீரால், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் தரப்பட்டது செல்லும். அதைத் திரும்பக் கொடுக்கவே கூடாது. விசாரித்தும் ஐயம் தீராவிட்டால்தான் ‘பெற்றிராவிட்டால்’ என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள். இயேசுவின் பெயரால் மட்டும் என்று கொடுக்கிற சபைகளும் உண்டு. அதைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆகவே என்ன வார்த்தை சொன்னார்கள் என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

என் சாட்சி மாமி. அன்று கரையில் துவாயோடு நின்றவர். வாய்க்கால் இரைச்சலில் போதகர் பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து உரத்துச் சொன்னதை மாமி அப்படியே ஒப்பித்தார். பாதர் எழுதி வாசித்துக் காட்டினார். கைநாட்டு வைக்கலாம் என்றபோது, “இல்லை பாதர், நான் கையெழுத்தே வைப்பன்” என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அந்தத் தாளைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

அதன்பின் மறைக்கல்வியும் பாவசங்கீர்த்தனமும் தடையில்லாமல் முடிந்தன. கல்யாண எழுத்தின் (விவாகப் பதிவின்) பிரதியையும் கொண்டுபோங்கள், கட்டாயம் கேட்பார்கள். உறுதிபூசுதலுக்கு ஆயர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்களை ஏற்கிற குருவே அன்றைக்கே தரலாம். பூசை முடிந்த கையோடு பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். சான்றிதழின் பிரதி ஒன்றை வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். நான் என் தம்பிக்கு அனுப்பிவிட்டேன்.