சிவாலய ஓட்டத்தில் சுகமும் துக்கமும்

சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் கன்னியாகுமரி மாவட்டத்து முன்சிறை திருமலை மகாதேவர் கோயிலில் போய் நின்றால், "கோவிந்தா... கோபாலா..." என்ற விளிதான் காதை அடைக்கும். சிவன் கோயிலில் எதற்குக் கோவிந்த நாமம் என்று வெளியூர்க்காரர்கள் திகைத்துப் போவார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் பிறந்தவர்களுக்கு இது கேட்டு வளர்ந்த சத்தம். காவி வேட்டி, இடுப்பில் திருநீற்றுப் பை, கையில் பனையோலை விசிறி, கால் வெறுங்கால். திருமலையில் தொடங்கி இரவும் மறுநாள் பகலும் ஓடி, பன்னிரண்டு சிவாலயங்களையும் தொழுது, சிவராத்திரி இரவில் திருநட்டாலத்தில் முடிக்க வேண்டும். கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். ஓடுகிறவர்களுக்கு ஊரில் கோவிந்தன்மார் என்று பெயர்.

இந்த ஓட்டத்துக்கு ஒரு கதை இருக்கிறது. தருமர் யாகம் செய்கிறார். அதற்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். பாதி மனிதன், பாதி மிருகமான அது பெரிய சிவபக்தன். விஷ்ணுவின் பெயரைக் கேட்டாலே அதற்கு ஆகாது. பீமனின் செருக்கை அடக்கவும், அரியும் சிவனும் ஒன்று என்று புருஷாமிருகத்துக்குக் காட்டவும் நினைத்த கண்ணன், பீமன் கையில் பன்னிரண்டு உருத்திராட்சங்களைக் கொடுத்து அனுப்புகிறார். பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று விளிக்க, புருஷாமிருகம் கோபத்தோடு துரத்துகிறது. பிடிபடப் போகிற நேரத்தில் பீமன் ஓர் உருத்திராட்சத்தைக் கீழே வைக்கிறான். அது சிவலிங்கமாகிறது. லிங்கத்தைக் கண்டதும் துரத்தி வந்தது அத்தனையும் மறந்து, நீராடிப் பூசை செய்ய உட்கார்ந்துவிடுகிறது. பீமன் ஓடுகிறான். மறுபடி துரத்தல், மறுபடி லிங்கம். இப்படிப் பன்னிரண்டு இடம்.

சிறு வயதில் இதைப் பீமன் தப்பித்த கதையாகத்தான் கேட்டோம். ஓடிப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. ஒரே லிங்கம்தான். ஒருவனுக்கு அது பயத்தில் கிடைத்த மூச்சு. இன்னொருவனுக்கு அது தலைகால் தெரியாத ஆனந்தம். துன்பம் ஒருவனைக் கடவுளிடம் துரத்துகிறது. இன்பம் இன்னொருவனைக் கடவுளிடம் உட்கார வைக்கிறது. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த கோயில்கள் ஒன்றுதான்.

நானும் ஊரில் எனக்கு மூத்த அண்ணன் ஒருவரும் சேர்ந்து ஓடினோம். அவர் வருடம் தவறாமல் ஓடுகிறவர். திருமலையிலிருந்து திக்குறிச்சி போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. கூட்டத்தின் வேகமே நம்மை இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈர வேட்டியோடு உள்ளே போய், சுவாமிக்கு விசிறியால் வீசிவிட்டுத் திரும்ப ஓட வேண்டும். திற்பரப்பில் கோதையாற்றில் இறங்கினபோது குளிர் எலும்பு வரைக்கும் ஏறியது. பல் கிடுகிடுத்ததில் கோவிந்த நாமமே துண்டு துண்டாகத்தான் வந்தது. அப்புறம் திருநந்திக்கரை, பொன்மனை. இரண்டு பக்கமும் ரப்பர்த் தோட்டம். இருட்டில் முன்னால் போகிறவரின் விசிறி மட்டும் வெள்ளையாக ஆடும்.

பன்னிப்பாகம் தாண்டியதும் என் வலது காலில் கொப்புளம் உடைந்தது. உள்ளங்காலின் முன்பக்கம், கட்டைவிரலுக்குக் கீழே. துவர்த்தின், அதாவது துண்டின், ஓரத்தைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். கொஞ்ச தூரத்தில் அது நழுவிக் கணுக்காலுக்கு வந்துவிட்டது. மணல் ஒட்டிய இடத்தில் தார் ரோடு படும்போது வந்த எரிச்சலைச் சொல்ல வார்த்தை இல்லை. அண்ணன் நின்றார். காலைப் பார்த்தார். துணியைப் பிரித்துத் தண்ணீர் விட்டுக் கழுவி, விரல்களுக்கு இடையில் கொடுத்து மறுபடி கட்டிவிட்டார்.

"மக்கா, வலியப் பாத்துக்கிட்டே ஓடாத. அது பாட்டுக்கு வரட்டு. நீ சாமிய விளி."

கல்குளம் நீலகண்டசுவாமி கோயிலைத் தாண்டி மேலாங்கோடு போகும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. இரவில் உறைந்த அதே உடம்பு இப்போது வெந்தது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனிடம் சொல்வது இதைத்தானே: குளிரும் வெப்பமும், சுகமும் துக்கமும் புலன்கள் தொடுவதால் வருபவை, வந்து போகிறவை, பொறுத்துக்கொள். புத்தகத்தில் படித்தபோது அது எனக்கு ஒரு தத்துவம். திற்பரப்பு ஆற்றுக்கும் மேலாங்கோடு ரோட்டுக்கும் நடுவில் அது உடம்பில் இறங்கியது. பொறுத்துக்கொள் என்றால் மரத்துப்போ என்று பொருளில்லை. வலி வலிக்கத்தான் செய்தது. ஆனால் அதோடு சண்டை போடுவதை நிறுத்தினதும் கால் ஓடியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வலி தானாக யாரையும் புனிதமாக்கும் என்று நான் நம்பவில்லை. நம் மாவட்டத்திலேயே சுசீந்திரம் இருக்கிறது. அகலிகை விஷயத்தில் கௌதமரின் சாபம் பெற்ற இந்திரன் கொதிக்கும் நெய்யில் கைவிட்டுச் சுத்தமான தலம் என்று புராணம் சொல்லும். அதைப் பின்பற்றி, குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளைக் கொதிக்கும் நெய்யில் கைவிட வைக்கும் கைமுக்கு வழக்கம் அந்தக் கோயிலில் இருந்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. நிறுத்தியது நல்லது. ஒருவன் தானாக ஏற்றுக்கொள்ளும் விரதம் வேறு, ஒருவன் மேல் மற்றவர்கள் ஏற்றும் வேதனை வேறு.

கர்மா என்ற பேச்சிலும் இதே கதைதான். எங்கள் ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், துக்கம் கேட்க வந்தவர்களே "முன்ஜென்மத்துப் பாவம், என்ன செய்ய" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு நெஞ்சு கொதித்தது. சேர்ந்து கிடக்கும் வினை சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரப்தம், இனிச் சேர்வது ஆகாமியம் என்று பெரியவர்கள் பிரித்து வைத்ததெல்லாம் நான் என் செயலைத் திருத்திக்கொள்ளத்தான். அடுத்தவர் கண்ணீரைப் பார்த்துக் கணக்குப் பார்க்க அல்ல. அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி குடிக்க வைப்பதுதான் அந்த நேரத்துச் சிவபூசை.

நம் அருளாளர்களும் துன்பம் நல்லது என்று பேசாமல் சகித்தவர்கள் இல்லை. திருநாவுக்கரசர் சூலை நோயில் துடித்துத் திருவதிகையில் பாடிய முதல் பதிகமே 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்ற முறையீடுதான். வலிக்கிறது, எடுத்துவிடு என்று வாய்விட்டுக் கேட்டார். கேட்டதில் ஒரு வெட்கமும் இல்லை. 'இன்பமே எந்நாளும் துன்பமில்லை' என்று பாடியவரும் அவரேதான். சூலை இல்லாமல் இருந்திருந்தால் அவர் திருவதிகைக்கு வந்திருப்பாரா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பாகவதத்தில் குந்தி கண்ணனிடம் துன்பங்கள் திரும்பத் திரும்ப வரட்டும் என்று வேண்டுகிறாள். துன்பம் வந்தபோதெல்லாம் அவன் தரிசனம் கிடைத்ததாம். அந்தக் குந்தியின் மகன்தான் இந்த வழியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவன்! அவள் கேட்டதைப் போல எல்லோராலும் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். கேட்காமலே வருவது போதாதா?

துன்பத்தைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன். ஆனால் இந்த ஓட்டத்தில் அதிகம் பார்த்தது சந்தோஷத்தைத்தான். வழி முழுக்க வீட்டு வாசல்களில் சுக்குத் தண்ணீர், மோர், பானகம், கஞ்சியும் பயறும். திருவிடைக்கோட்டுக்குப் போகும் வழியில் ஒரு பாட்டி சருவத்தில் சுக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஓடுகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஒரு மடக்குக் குடிச்சிட்டுப் போ மக்களே, கோவிந்தன் குடிச்சா எனக்கு நிறஞ்சிரும்." கருப்பட்டியும் சுக்கும் தொண்டையில் இறங்கியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். குடித்த என்னைவிட அவருக்குத்தான் தாகம் தீர்ந்தது போல இருந்தது. தைத்திரீய உபநிடதத்தில் பிருகு தவம் செய்து செய்து கடைசியில் ஆனந்தமே பிரம்மம் என்று கண்டுகொள்கிறான். ஆனந்தத்திலிருந்தே உயிர்கள் பிறக்கின்றன, ஆனந்தத்தால் வாழ்கின்றன, ஆனந்தத்துக்கே திரும்புகின்றன என்கிறது அது. ஆன்மிகம் என்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பது என்று நினைப்பவர்கள் அந்தப் பாட்டியை வந்து பார்க்க வேண்டும்.

திருவிதாங்கோடும் திருப்பன்றிக்கோடும் கூட்டத்திலேயே கடந்து போயின. திருநட்டாலத்தை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பீமனின் ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்கு உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருக்கும்போது அது பிடித்துக்கொண்டதாம். நியாயம் கேட்டால், தம்பி என்றும் பாராமல், பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கே என்று தருமர் தீர்ப்புச் சொன்னாராம். அங்கே பாதி சிவனும் பாதி விஷ்ணுவுமான சங்கரநாராயணராக இறைவன் காட்சி தந்தார் என்பது ஐதீகம். சன்னிதியில் விசிறியை வீசும்போது என்ன வேண்டுவது என்றே எனக்குத் தோன்றவில்லை. வெளியே வந்து அண்ணனிடம் என்ன வேண்டினீர்கள் என்று கேட்டேன். "மூட்டுவலி குறையணும்னு கேட்டேன். பின்னே, சும்மா நின்னுட்டு வரவா?" என்றார்.

ஓட ஆசைப்படுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே மாலை போட்டு விரதத்தைத் தொடங்கிவிடுங்கள். உடம்பு முடியாதவர்கள் பைக்கிலும் வேனிலும் வருகிறார்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. வெறுங்காலோடு வந்தால் பழைய வேட்டித் துணி கொஞ்சம் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம்; வழியில் நிறுத்தித் தருவார்கள், மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள்.