தூக்கிய வீடு: பெகு நாட்குறிப்பு

செப்டம்பர் 12

வெள்ளத்துக்குத் தப்ப, பர்மாவின் பெகு ஊரில் உள்ள மர வீட்டை மூன்றரை அடி ஏற்றியாயிற்று. நீர்க்குழாய் மட்டம் வைத்துப் பார்த்ததில் நான்கு மூலையும் கால் அங்குல வித்தியாசத்துக்குள் நிற்கின்றன. 10 டன் ஜாக்கிகள். சுற்றுக்கு ஓர் அங்குலம்தான், அதற்கு மேல் ஒரு நூல்கூடக் கிடையாது. ஒரு மூலை முந்தினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவு நிலை இறுகிப்போகும். ஏறிய அங்குலத்துக்கு உடனே கட்டை செருகியாக வேண்டும். வெறும் ஜாக்கி தாங்குகிற வீட்டுக்கு அடியில் எவனும் தலையை நீட்டக் கூடாது.

மழைக்காலத்து வேலையே இல்லை இது. மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆசாரிகள் பலர் மண்டலே, தவுங்கூ பக்கம் போய்விட்டார்கள். கிடைத்த ஆளை விட மனம் வரவில்லை.

செப்டம்பர் 13

இரவெல்லாம் மழை. கட்டை அடுக்குகளின் அடியில் நீர் தேங்கவில்லை.

செப்டம்பர் 15

தூண்களைத் தாங்கும் 12 கான்கிரீட் பீடங்களும் வார்த்தாயிற்று. 9 அங்குலச் சதுரம், தரைக்கு மேல் 4 அடி. அடியில் 3க்கு 3 அடி அடித்தளம், 4 அடி ஆழம். 12 மி.மீ. கம்பி நான்கு. 6 மி.மீ. வளையங்கள் நடுவில் 6 அங்குல இடைவெளியில், மேலும் கீழும் ஒன்றரை அடிக்கு 3 அங்குலத்தில். வளையத்தின் வாலை உள்ளே, கான்கிரீட்டின் வயிற்றுக்குள் மடக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சும்மா 90 பாகையில் விட்டால் நடுக்கத்தில் முதலில் பிரிவது அதுதான். அது பிரிந்தால் கம்பி பிதுங்கும், பீடம் நொறுங்கும்.

சிமெண்ட், மணல், ஜல்லிக் கலவை 1:2:4. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் கணக்கு. மணல் நனைந்து கிடப்பதால் 21க்கு மேல் விடவில்லை. தண்ணீர் கூடினால் கலவை வழுக்கிக்கொண்டு இறங்கும், கொத்தனாருக்குச் சுகம். பலம் போய்விடும்.

உயரக் கணக்கு: 2023 அக்டோபர் வெள்ளக் கோடு தரையிலிருந்து 4 அடி 4 அங்குலம். பழைய பலகைத் தளம் 3 அடியில் இருந்தது. இனி ஆறரை அடி. பீடம் நான்கு, இற்றுப்போன அடியை அறுத்த பிறகு மிஞ்சும் தூண் இரண்டரை. அதே வெள்ளம் வந்தால் தூணின் அடி 4 அங்குலம் நனையும். பியிங்காடோ மரம், தாங்கும்.

செப்டம்பர் 17

வடகிழக்கு அடுக்கு அரைக்கால் அங்குலம் இறங்கியிருக்கிறது.

வெறும் வீடு சுமார் 9 டன், 12 தூண். ஓரிடத்துக்கு முக்கால் டன்தான். பாரம் பெரிதில்லை. களிமண் ஊறிவிட்டதுதான் கவலை. அந்த மூலை வாய்க்கால் பக்கம். மூன்றடிக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஐந்தரை அடிக்கு அடுக்கியிருக்கிறது. அடியகலத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தவில்லை, சரிதான். ஆனால் ஓர் ஓரம் அமிழ்ந்தால் அடுக்கு சாயும். பாரம் ஒரே கட்டையின் விளிம்பில் விழும்.

கீழே இரண்டு அங்குலப் பலகை பரப்பி, சுற்றி உடைசெங்கல் போட்டுத் திமிசு அடித்தோம். வாய்க்கால் பக்கம் ஒரு சிறு மடை.

செப்டம்பர் 18

அதே அரைக்கால். கூடவில்லை.

செப்டம்பர் 20

கீழே செங்கல் சுவர் வைத்தால் ஒரு கடைக்கு வாடகை வருமே என்று அத்தை. இந்தத் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். மூன்றடி நீர் ஒரு பக்கம் நின்றால், சுவரின் ஓர் அடி நீளத்துக்கு 280 பவுண்டு தள்ளும். பத்தடிச் சுவருக்கு 2,800. அரைச்செங்கல் சுவர் அதற்கு நிற்காது. விழும்போது பீடத்தையும் இழுக்கும். நடுக்கத்திலும் தொல்லை: ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் தூண் என்றால் வீடு சுவரைச் சுற்றித் திருகும். மறைப்பு வேண்டுமென்றால் மூங்கில் தட்டி, கயிற்றில் கட்டியது. வெள்ளம் வந்தால் அவிழ்த்துச் சுருட்டலாம்.

"பார்க்கலாம்ப்பா" என்கிறாள்.

செப்டம்பர் 21

மகாளய அமாவாசை. பெகு ஆறு போய்ச் சேர்வது சிரியத்துக்குப் பக்கத்தில், ரங்கூன் ஆற்றில். அங்கே, இன்றுபோல் கடல் ஓதம் ஏறி நிற்கும் நாட்களில், இங்கே வடிவதற்கு நேரமாகும். மேலே மலையில் பெய்வதும் இந்த ஓதமும் ஒரே நாளில் கூடாமல் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 24

மலக்குழித் தொட்டியைக் காலி செய்ய ஆள் வந்தான். திருப்பி அனுப்பியாயிற்று. 6க்கு 4 அடி, ஆழம் 4: உள்ளளவை மட்டும் பார்த்தாலே 96 கன அடி. மண் ஊறி நீர் சூழ்ந்தால் கிட்டத்தட்ட 6,000 பவுண்டு மேலே தூக்கும். காலித் தொட்டி மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும், குழாய் முறியும். நிறைந்தே இருக்கட்டும். மூடியை இறுக்கிக் கட்டி, வீட்டுக் குழாயில் திரும்பா வால்வு போட்டாயிற்று.

மின்கம்பி எல்லாம் இனி கூரையிலிருந்து கீழே இறங்கும். கீழ்த்தளத்து விளக்குக்குத் தனி பிரேக்கர்.

செப்டம்பர் 29

14 நாள் ஆயிற்று. இறக்கினோம். பீடத்தில் ஓர் அடி புதைத்த கால் அங்குலத் தகடுகள் இரண்டு, தூணின் இரு பக்கமும் ஓர் அடி. அரை அங்குல போல்ட்டு இரண்டிரண்டு, வாஷரோடு. தூணின் வெட்டுமுகத்துக்குத் தாரும் அதன் கீழே துத்தநாகத் தகடும். வெட்டுமுகம் கான்கிரீட்டில் நேராக உட்கார்ந்தால் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்து இற்றுப்போகும்.

வடகிழக்கில் தூணுக்கும் பீடத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. இரும்புத் தகடு கொடுத்து அடைத்தோம்.

இப்போதுதான் பயம். மரமும் கான்கிரீட்டும் சேரும் இடம் நாலடி உயரத்தில் ஒரு கீல். கீழே உறுதி, மேலே உறுதி, நடுவில் மடங்கும். நிலநடுக்கம் பிறக்கும் சகாயிங் நிலப்பிளவு இந்த ஊர்ப் பக்கமாகவே போகிறது. 1930 மே 5ஆம் தேதி ஷ்வேமாடோ பகோடாவையே சாய்த்த மண் இது. தண்ணீருக்காக உயர்த்திவிட்டுக் காலைக் கட்டாமல் விட்டால் அந்த வீட்டில் மனிதரைப் படுக்கவைக்கக் கூடாது.

அக்டோபர் 1

சாய்கம்பி வேலை. 16 மி.மீ. கம்பி, முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளோடு. பீடத்தின் அடியில் பதித்த கொக்கியிலிருந்து அடுத்த தூணின் தலைவரை, கீலைத் தாண்டிப் போக வேண்டும். தூணுக்குத் தூண் மட்டும் கட்டினால் பயனில்லை. இரண்டு திசையிலும் வேண்டும். ஆனால் வெள்ளம் வரும் முகத்து வரிசையில் குறுக்குக் கம்பி வேண்டாம். மூங்கிலும் வாழையும் அடித்துவந்து அதில் மாட்டினால் அணையாகிவிடும். அந்தத் திசைக்கு நடு வரிசையில் போட்டோம்.

டர்ன்பக்கிள் நான்கு குறைகிறது.

அக்டோபர் 3

வரவில்லை.

அக்டோபர் 5

வந்தது, ரங்கூனிலிருந்து. பிற்பகல் நான்கு மணிக்குத் தெருவில் தண்ணீர். வடகிழக்குக் கம்பியை முழங்கால் நீரில் நின்று முறுக்கினார்கள். தட்டினால் எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். ஒன்று மந்தமாக இருந்தால் அது வேலை செய்யவில்லை.

கீழ்த்தள பிரேக்கர் அணைத்தாயிற்று.

அக்டோபர் 6

2 அடி 1 அங்குலம். நிற்கிறது.

தெருக்கோடியில் ஒரு கடைச் சுவர் உள்நோக்கி விழுந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. தட்டியே போதும் என்று அத்தை அவளாகவே சொன்னாள்.

அக்டோபர் 8

வடிகிறது. வெளியேறும் வேகம் வந்த வேகத்தைவிட அதிகம். மண்ணை அரிப்பது இப்போதுதான். சேற்றை ஈரத்திலேயே வாரச் சொல்லியிருக்கிறது, காய்ந்தால் மண்வெட்டி ஏறாது. வடகிழக்குப் பீடத்தின் வெளிப்பக்கம் அரையடிப் பள்ளம். அடித்தளம் தெரியவில்லை. உடைசெங்கல் இறக்கித் திமிசு அடித்து, மேலே கருங்கல் பாவ வேண்டும். லாரிக்காரர் நாளைக்கு வருகிறேன் என்கிறார், பாதை விட்டால்.