ஆர்.பி.எஸ்.19 டெஸ்ட்: நெகட்டிவ் என்று வந்தாலும் விடாதீர்கள்

பாப்பாவுக்கு டயமண்ட்-பிளாக்ஃபேன் அனீமியாவாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஆர்.பி.எஸ்.19 என்கிற ஜீனுக்கான சரியான ரிப்போர்ட் கைக்கு வரும்வரை நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இதே சந்தேகத்தோடு சென்னையில் லேப் லேபாக அலைகிறவர்களுக்காக எழுதுகிறேன். நோயைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும்: வெள்ளணு, தட்டணு எல்லாம் பெரும்பாலும் சரியாக இருக்கும், சிவப்பணு மட்டும் மஜ்ஜையில் உருவாகாது. மஜ்ஜை டெஸ்ட் வரை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஜீன் டெஸ்ட் என்றதும்தான் ஆரம்பித்தது.

முதல் விஷயம், ரத்தம் எப்போது எடுப்பது. ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்தால் கொடுத்தவருடைய வெள்ளணுக்கள் கொஞ்சம் கலந்திருக்கலாம், அதனால் சில வாரம் இடைவெளி விடச் சொல்வார்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொள்கிற குழந்தைக்கு அந்த இடைவெளி எங்கிருந்து வரும்? அடுத்த முறை ஏற்றுவதற்குச் சற்று முன்னால் எடுப்பதுதான் நடைமுறையில் வழி. சிவப்பணுவில் ஏ.டி.ஏ. என்கிற நொதியின் அளவு பார்க்கச் சொன்னாலும் இதே கதைதான், ஏற்றிவிட்டால் அந்த டெஸ்டை நம்ப முடியாது.

அன்றைக்குக் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லேபின் கலெக்‌ஷன் சென்டருக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்த பையன் ஃபார்மைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர் சைன் இருக்கு, சீல் இல்லையே மேடம், வாங்க முடியாது" என்றான். மதியம் ரத்தம் ஏற்றியாக வேண்டும், குழந்தை வெளுத்துப்போய் மடியில் துவண்டு கிடக்கிறாள், இன்றைக்கு விட்டால் அடுத்த மாதம்தான் என்று எவ்வளவோ சொன்னேன். "ரூல்ஸ் மேடம்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கக்கூட அவனுக்கு மனசு வரவில்லை.

காப்பாற்றியது வார்டு சிஸ்டர்தான். விஷயத்தைச் சொன்னதும், "அவங்க எடுக்கலேன்னா என்னம்மா, ஊசி குத்தத்தானே போறோம், நானே எடுத்து வைக்கிறேன்" என்று ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே ஊதா மூடி இ.டி.டி.ஏ. டியூபில் எடுத்து, பெயர், தேதி, நேரம் எழுதி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். அப்புறம் என் வீட்டுக்காரர் ஃபார்மில் சீல் வாங்கிக்கொண்டு டியூபைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஃப்ரீசரில் மட்டும் வைக்க விடாதீர்கள், உறைந்த ரத்தத்தை லேபில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஜீன்களில் புரதத்துக்கான பகுதிகளை எழுத்தெழுத்தாகப் படிக்கிற டெஸ்டுக்கு எக்ஸோம் என்று பெயர். வாரக்கணக்கில் காத்திருந்து வந்த அந்த எக்ஸோம் ரிப்போர்ட்டில், நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் இல்லை என்று இருந்தது. லேபுக்கு போன் செய்தால், "நெகட்டிவ்தாங்க, அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டார்கள். அந்த ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் தூங்கவில்லை. அப்படியென்றால் இது வேறு நோயா, எல்லா டெஸ்டையும் முதலிலிருந்து எடுக்க வேண்டுமா?

எழும்பூர் பக்கம் ஒரு மரபணு ஆலோசகரைப் பார்த்தோம். அவர் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். பொடி எழுத்தில் ஒரு வரி: பெரிய நீக்கங்கள் இந்த முறையில் தெரியாமல் போகலாம். நீக்கம் என்றால் ஜீனில் ஒரு துண்டே இல்லாமல் போவது. இதைத்தான் லேப்காரர் போனில் சொல்லியிருக்க வேண்டும். எக்ஸோம் எழுத்துப்பிழை தேடுகிற வேலை. ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதியைக் கலந்து வைத்துப் படிக்கும்போது, ஒன்றில் சில பக்கம் கிழிந்திருந்தால் மற்றதில் இருப்பதைப் படித்துவிட்டு எல்லாம் சரி என்று தோன்றிவிடும். நமக்கும் ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதிதானே.

இந்த நோயில் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.பி.எஸ்.19 என்று அவர் விளக்கினார். 19-வது குரோமோசோமில் இருக்கிற ஜீன், இந்த நோயோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று 1999-ல் கண்டுபிடித்தார்கள், நோயாளிகளில் சுமார் நாலில் ஒருவருக்கு இதில்தான் கோளாறு. செல்லுக்குள் புரதம் தயாரிக்கிற ரைபோசோமில் பெரிய பாகம், சின்ன பாகம் என்று இரண்டு உண்டு, அந்தச் சின்ன பாகத்தில் சேரும் ஒரு புரதத்துக்கான குறிப்பு இந்த ஜீனில் இருக்கிறது. ஒரு பிரதி போனாலே ரைபோசோம் போதுமான அளவு உருவாகாமல், வேகமாகப் பெருக வேண்டிய சிவப்பணுவின் ஆரம்ப செல்கள் முதலில் அடிபடுகின்றன.

நீக்கத்தைப் பார்க்க எம்.எல்.பி.ஏ. என்று தனி டெஸ்ட் இருக்கிறது, அதை எழுதிக் கொடுத்தார். லேபில் மிச்சமிருந்த டி.என்.ஏ.விலேயே செய்யச் சொல்லிக் கேளுங்கள், நாங்கள் கேட்டோம், குழந்தைக்கு இன்னொரு ஊசி மிச்சம். ரிப்போர்ட்டில் தெளிவாக இருந்தது: ஆர்.பி.எஸ்.19-ல் ஒரு பிரதியில் ஒரு பகுதியே இல்லை. குழந்தைக்கு ஜீன் கோளாறு என்று படித்துவிட்டு நிம்மதியாக அழ முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் இருவருக்கும் அந்த நீக்கம் இல்லை. பாதிப் பேருக்கு மேல் இப்படிப் புதிதாகத்தான் வருகிறதாம். பெரியவனுக்கும் பார்க்கச் சொன்னபோது கவுன்ட்டரில், "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு மேடம்?" என்றார்கள். கட்டாயம் பாருங்கள். அனீமியா இல்லாமலே இந்த மாற்றத்தை வைத்திருக்கிற அண்ணன் அக்காக்கள் உண்டு, பின்னால் மஜ்ஜை மாற்று சிகிச்சை என்று வந்தால், அது தெரியாமல் அவர்களுடைய மஜ்ஜையை எடுத்து வைத்துவிடக் கூடாது. பெரியவனுக்கு இரண்டு பிரதியும் முழுசாக இருக்கிறது. மஜ்ஜை கொடுக்க அவனுடைய எச்.எல்.ஏ., அதாவது திசு வகை, பாப்பாவுக்குப் பொருந்துமா என்று அடுத்து பார்க்கப் போகிறோம், நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு, பார்க்கலாம்.

இன்னொன்று. எக்ஸோமின் மூலத் தரவை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கி, ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு இடத்தில் மறுபடி அலசிப் பார்க்க உதவும். கடிதத்தில் பேம், வி.சி.எஃப். ஃபைல்கள் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். பொதுவாக டேட்டா வேண்டும் என்று கேட்டதற்கு எங்களுக்குப் பழைய ரிப்போர்ட்டின் பி.டி.எஃப்.தான் திரும்ப வந்தது.