கட்டாவும் கூண்டும்: மரபுச் சண்டைக் கலைகள் இன்றைய களத்தில் எடுபடுமா?

மரபுவழிச் சண்டைக் கலைகள் இன்றைய போட்டிக் களத்தில் எடுபடுமா என்ற கேள்வியை, கராத்தே உடையை அணிந்த எவரும் ஒருமுறையாவது எதிர்கொண்டிருப்பார். கேட்பவர் பெரும்பாலும் விடையையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார். ஒரு தரப்புக்கு இக்கலைகள் வெறும் நடனம். மறு தரப்புக்கோ இவை எந்தப் போட்டி விதிக்குள்ளும் அடங்காத அளவுக்குக் கொடியவை. பல ஆண்டுகள் கராத்தே பயின்றவன், அதைவிடக் கூடுதலான நேரத்தைச் சண்டைப் போட்டிகளைப் பார்ப்பதில் செலவிட்டவன் என்ற முறையில் இந்த இரண்டையுமே நான் ஏற்பதில்லை. ஒரு கலையின் பழமையோ அதன் நுட்பங்களின் கொடுமையோ களத்தில் எதையும் தீர்மானிப்பதில்லை. அந்த நுட்பங்களை, விட்டுக்கொடுக்க மறுக்கும் ஓர் எதிராளியின்மீது, முழு வேகத்தில், நாள்தோறும் பழக முடிகிறதா என்பதே தீர்மானிக்கிறது.

எது மரபு என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. மல்யுத்தத்தைவிடத் தொன்மையான சண்டைக் கலை ஒன்றைக் காட்டுவது கடினம்; ஆனால் கலப்புச் சண்டைப் போட்டியான எம்.எம்.ஏ.யின் வலையடைத்த கூண்டுக்குள் இன்று அதுவே முதல் அடித்தளம். தாய்லாந்தின் முவே தாய் கையுறையும் சதுர மேடையும் கண்டு ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது என்றாலும் அதன் முழங்கை வெட்டுகளும் கழுத்துப்பிடியும் அதற்கு வெகுகாலம் முந்தையவை. இவ்விரண்டும் மரபுக் கணக்கில் சேருமானால் வாதம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். ஆகவே கேட்பவர் மனத்தில் இருப்பவை கட்டா எனப்படும் வரிசை அசைவுகளை மையமாகக் கொண்ட கலைகள்தாம் என்று எடுத்துக்கொள்கிறேன்: கராத்தே, டேக்வாண்டோ, குங்ஃபூவின் பல பிரிவுகள், தை சி முதலியன.

1993 நவம்பர் 12 அன்று டென்வர் நகரில் நடந்த, எம்.எம்.ஏ. போட்டித் தொடரான யூ.எஃப்.சி.யின் முதல் போட்டி இந்த விவாதத்தின் தொடக்கப் புள்ளியாக எப்போதும் சொல்லப்படுகிறது. எடைப் பிரிவு இல்லை, நடுவர் மதிப்பெண்ணும் இல்லை. குத்துச்சண்டை வீரர் ஒருவர் ஒரு கையில் மட்டும் கையுறை அணிந்து வந்து நின்றார். சுமோ, கராத்தே, பிரெஞ்சு உதைச்சண்டையான சவாத், கிக்பாக்சிங் என வெவ்வேறு பின்னணியினர் எட்டுப் பேர் மோதியதில், எடையில் பலரைவிடக் குறைந்தவரான ராய்ஸ் கிரேசி, தாம் எதிர்கொண்ட மூவரையும் ஒரே இரவில் சரணடையச் செய்து வென்றார். மூன்று சண்டைகளுக்கும் சேர்த்து அவருக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடங்களே தேவைப்பட்டன. நின்று அடிக்கும் மரபுக் கலைகளின் வீழ்ச்சி என்றே இது பரவலாக வாசிக்கப்பட்டது. ஆனால் கிரேசி குடும்பத்தின் தரைச்சண்டைக் கலையான ஜியு-ஜிட்சு வானத்திலிருந்து இறங்கியதன்று. ஜப்பானின் கோடோகான் பள்ளியைச் சேர்ந்த ஜூடோ வீரரான மிட்சுயோ மயேடா பிரேசிலில் குடியேறி, ராய்ஸின் பெரியப்பா கார்லோஸ் கிரேசிக்குக் கற்பித்ததிலிருந்து கிளைத்தது அது. அந்த இரவில் ஒரு மரபின் கிளை மற்ற மரபுகளை வென்றது. வேறுபாடு எங்கே என்பதுதான் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி.

அந்த வேறுபாட்டுக்கு விடை 1882இல் இருக்கிறது. ஜிகோரோ கானோ பழைய ஜியுஜுட்சுப் பள்ளிகள் இரண்டில் பயின்றபின் ஜூடோவைத் தோற்றுவித்தபோது, உயிருக்கும் உறுப்புக்கும் ஊறு விளைவிக்கும் அடிகளையும் சில மூட்டுப் பூட்டுகளையும் கட்டாவுக்குள் ஒதுக்கிவைத்துவிட்டு, வீசல்களையும் அழுத்திப் பிடித்தலையும் கழுத்து நெரிப்பையும் குறிப்பிட்ட சில பூட்டுகளையும் மட்டும் ரன்டோரி என்னும் கட்டற்ற பயிற்சிக்கு விட்டார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது கலையை மென்மையாக்கிய செயல். விளைவோ நேர்மாறானது. மென்மையான நுட்பத்தை ஆயிரம் முறை முழு பலத்துடன், எதிர்த்து நிற்கும் ஓர் உடல்மீது செய்து பார்த்தவர், கொடிய நுட்பத்தை ஒருமுறைகூட அவ்வாறு செய்து பார்க்க இயலாதவரைவிட ஆபத்தானவராகிறார். இரண்டாம் மனிதரின் உடல் நாம் எதிர்பாராத கணத்தில் எதிர்பாராத திசையில் அசையும். அந்த அசைவுக்கு உரிய மறுமொழியைக் காற்றில் கைவீசிப் பெற முடியாது.

எங்கள் அடிகள் கண்ணுக்கும் தொண்டைக்கும் விதைப்பைக்கும் உரியவை, விதிகள்தாம் எங்களைக் கட்டுகின்றன என்ற வாதத்தை இந்த இடத்தில்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். தொடக்க கால யூ.எஃப்.சி.யில் விதிகள் மிகச் சொற்பம். 1994இல் நடந்த நான்காம் போட்டியில் கென்போ என்னும் மரபுக் கலையின் வீரரான கீத் ஹாக்னி தம் எதிராளியின் விதைப்பையில் திரும்பத் திரும்பக் குத்தியதை எல்லோரும் கண்டனர்; பார்க்கவே கூசும் காட்சிதான், எனினும் அந்தச் சண்டையை முடித்தது அந்தக் குத்துகள் அல்ல, அவர் போட்ட கழுத்து நெரிப்பு. தடைசெய்யப்பட்ட அடியைப் போடுவதற்கும் முதலில் சரியான தூரமும் சரியான நிலையும் வாய்க்க வேண்டும், அவற்றைப் பெற்றுத் தருவது எதிர்ப்புடன் கூடிய பயிற்சியே. 2017இல் செங்டூ நகரில் எம்.எம்.ஏ. பயிற்றுநர் சூ சியாவ்டோங்கும் தை சி ஆசான் வேய் லேயும் மோதிய சண்டை அரை நிமிடம்கூட நீடிக்காததன் காரணமும் இதுவே. அதைத் தை சியின் தோல்வி என்று கொண்டாடியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; முகத்தை நோக்கிப் பாயும் குத்துகளை அதற்குமுன் போதுமான அளவு சந்தித்திராத ஒருவரின் தோல்வி அது.

கராத்தேக்கு வருவோம், ஏனெனில் இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஷோட்டோகான் போன்ற பள்ளிகளின் போட்டியில் அடி இலக்கைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், புள்ளி கிடைத்ததும் நடுவர் பிரித்துவிடுவார். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிப் போட்டியில் 4-1 என முன்னிலையில் இருந்த சவூதி வீரர் தாரிக் ஹமேதி, ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதேயைத் தலையில் உதைத்து நினைவிழக்கச் செய்தார். அளவுமீறிய பலம் என்று ஹமேதி தகுதிநீக்கம் செய்யப்பட, தரையில் கிடந்தவருக்குத் தங்கம் கிடைத்தது. விதிப்படி தீர்ப்பு சரியே. ஆனால் எதிராளியை வீழ்த்துவதே குற்றமாகும் விளையாட்டு எத்தகைய உடற்பழக்கத்தை வளர்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே விதிகள் ஒன்றைக் கொடுக்கவும் செய்கின்றன. முதல் தொடுகைக்கே புள்ளி என்பதால், வெகுதூரத்தில் நின்று ஒரே பாய்ச்சலில் உள்ளே புகுந்து அடித்து வெளியேறும் கால்வேலை அங்கே நுணுகி வளர்ந்திருக்கிறது. கராத்தே வீரரான லியோட்டோ மச்சிடா இதைக் கூண்டுக்குள் கொண்டுவந்தபோது, குத்துச்சண்டைத் தூரத்துக்குப் பழகிய வீரர்கள் அவரை எங்கே தேடுவது என்று தெரியாமல் திகைத்தனர். 2009இல் ராஷாத் எவன்ஸை வீழ்த்தி யூ.எஃப்.சி.யின் லைட் ஹெவிவெயிட் எடைப் பிரிவுப் பட்டம் பெற்றார். 2011இல், எதிராளியின் கவனத்தை ஓர் அசைவால் திருப்பிவிட்டுத் துள்ளி எழுந்து உதைத்த முன்னுதையால் ராண்டி கூட்டூரை வீழ்த்தினார். அந்த உதை கராத்தே வகுப்பின் ஆரம்ப கால மாணவனுக்கும் தெரிந்ததே. ஆனால் மச்சிடாவின் கதையைக் கராத்தேயின் வெற்றி என்று மட்டும் சொல்பவர்கள், அவர் ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டை பெற்றவர், சுமோவும் பயின்றவர் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். எவரும் எளிதில் தன்னைத் தரையில் சாய்க்க முடியாது என்ற நிலை உறுதியான பிறகே அந்தத் தூரம் அவருக்குப் பயன்பட்டது.

கராத்தேயின் இன்னொரு பிரிவான கியோகுஷின் வேறொரு பாடம். மாஸ் ஒயாமாவின் இந்தப் பள்ளியில் கையுறையின்றி, கவசமின்றி முழுத் தொடுகையுடன் மோதுவர். தலைக்கு உதை உண்டு, முகத்துக்குக் கைக்குத்து இல்லை. இதனால் இடுப்புக்குக் கீழான உதைகளும் வலி தாங்கும் உடலும் அசாதாரணமாக வளர, தலையைக் கைகளால் காக்கும் பழக்கம் தேய்ந்தது. அங்கிருந்து வந்த ஆண்டி ஹக் குத்துச்சண்டையையும் கற்றுக்கொண்டு 1996இல் கிக்பாக்சிங் போட்டியான கே-1 கிராண்ட் பிரீயை வென்றார். விடுபட்ட ஒரு பகுதியை நிரப்ப அவருக்குச் சில ஆண்டுகள் போதுமாயிருந்தன, ஏனெனில் அடி வாங்கியபடியே அடிப்பது அவருக்கு ஏற்கெனவே பழகியிருந்தது.

ஜூடோவுக்கும் இதே கணக்கு உண்டு. 2008இல் ஒலிம்பிக் வெண்கலம் வென்ற ரோண்டா ரௌசி, கையைப் பிடித்துவிட்டால் முழங்கைப் பூட்டு தப்பாது என்ற நிலையில் எம்.எம்.ஏ.யை ஆண்டார், 2015இல் பிடிக்கவே இடம் தராத ஹாலி ஹோம், மெல்போர்னில் இரண்டாம் சுற்றில் இடது உதையால் அந்த ஆட்சியை முடித்தார். உடையைப் பற்றி இழுக்கும் பிடிகளை உடையில்லாத உடலுக்கு ஏற்ப மாற்றுவது ஒரு வேலை, அந்தப் பிடிக்குள் நுழையும் வழியை அடிகளுக்கு நடுவே கண்டுபிடிப்பது அதைவிடப் பெரிய வேலை. ஜூடோவில் இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்ற கெய்லா ஹாரிசன் இரண்டையும் பொறுமையாகச் செய்து 2025இல் யூ.எஃப்.சி. பட்டத்தை எட்டினார்.

போட்டிக்குச் செல்லும் எண்ணத்துடன் பயிற்சிக்கூடம் தேடுபவர் என்னிடம் கேட்டால், சுவரில் தொங்கும் பரம்பரைப் பட்டியலைப் பார்க்கவேண்டாம், மாணவர்கள் தம்முள் மோதிப் பழகும் ஸ்பாரிங் நடக்கும் நாளில் சென்று அரைமணி நேரம் உட்காருங்கள் என்பேன். மூத்த மாணவர்கள் தங்களைவிடப் பெரியவர்களோடு மோதுகிறார்களா, ஆசானின் நுட்பம் ஒத்துழைக்காத மாணவரிடமும் செல்லுபடியாகிறதா, பிற கலையைச் சேர்ந்தவர் வந்து பயிற்சியில் கலந்துகொள்ள அனுமதி உண்டா என்பவற்றைக் கவனித்தால் போதும். இம்மூன்றும் இருக்கும் இடத்தில் கற்பிக்கப்படுவது கராத்தேயானாலும் குங்ஃபூவானாலும் அங்கே சேரலாம். தரைச்சண்டையை மட்டும் வேறோர் இடத்தில் தனியாகக் கற்க வேண்டியிருக்கும்.