லாட்ஜ் கவுண்டரில் எழுதியவை

12 மார்ச் 2024

மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் குடியுரிமை தரும் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் விதிகள் நேற்று வந்துவிட்டன. சட்டம் நிறைவேறியது 2019இல். விதிகளுக்குத் தேர்தல் நேரம்தான் வாய்த்திருக்கிறது.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வங்கதேசத்தார் காந்தி ரோட்டுக்குப் புதிதல்ல. பாஸ்போர்ட், விசா பார்த்து வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் சி-ஃபாரத்தை 24 மணி நேரத்துக்குள் ஏற்றுவேன், அவ்வளவுதான். இன்று முதலாளி கேட்டார்: "இவங்கள்லாம் இங்கயே தங்கிடுவாங்களாப்பா?" இத்தனை வருஷம் வாடகை வாங்கும்போது வராத சந்தேகம், ராத்திரி டி.வி. விவாதம் பார்த்ததும் வந்திருக்கிறது.

7 ஏப்ரல்

பிரசார ஆட்டோ காலையிலிருந்து கத்துகிறது. பேச்சில் கச்சத்தீவு உண்டு, இங்கே அப்துல்லாபுரத்தில் இருக்கும் இலங்கை அகதிகள் முகாம் இல்லை. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இருப்பது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம், இலங்கை கிடையாது. அ.தி.மு.க. 2019இல் மாநிலங்களவையில் சட்டத்தை ஆதரித்தது. 2021 தேர்தல் வந்ததும், அதைக் கைவிடச் சொல்லி வலியுறுத்துவோம் என்றது. தி.மு.க. அறிக்கையில் இலங்கைத் தமிழருக்குக் குடியுரிமை என்று இருக்கிறது, மைக் வரைக்கும் வருவதில்லை. முகாமில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லையே, யார் தொண்டையைக் கிழித்துக்கொள்வார்கள்?

எங்கள் ரூம்களைச் சுத்தம் செய்யும் அக்கா அந்த முகாமில் பிறந்தவர். 19ஆம் தேதி ஓட்டுப் போட யார் யாருக்கு லீவு என்று எழுதிக்கொண்டிருந்தேன். "என் பேர் வேணாம் தம்பி, அன்னிக்கு நானே எல்லா ரூமும் பாத்துக்கறேன்" என்றார்.

23 ஏப்ரல்

நம் ஓட்டு முடிந்தது. ஆனால் ராஜஸ்தான் பன்ஸ்வாராவில் 21ஆம் தேதி பிரதமர் 'ஊடுருவல்காரர்கள்' பற்றிப் பேசியது இங்கே டீக்கடை வரை வந்துவிட்டது. "உங்க லாட்ஜ்ல அந்த மாதிரி எத்தனை பேரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள்.

மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து அப்பாவின் வைத்தியத்துக்கு வந்த பையன், நான் வாய் திறக்குமுன் ஆதாரை நீட்டினான். "இந்தியா, இந்தியா" என்று இரண்டு தரம் சொன்னான். எல்லைக்கு இரண்டு பக்கமும் பேசுவது வங்காள மொழிதான், பாவம்.

15 ஜூலை 2025

போன ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்ததிலிருந்து விசா சுருங்கிவிட்டது. ரூம்கள் காலி. தங்கிவிடுவார்களோ என்று பயந்த முதலாளி, விசா எப்போது திறக்கும் என்று தினமும் கேட்கிறார்.

அமெரிக்காவில் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு வந்திருக்கிறது. குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்றவர்கள் 2024இல் 55 சதவீதம், இப்போது 30. குடியரசுக் கட்சிக்காரர்களிடையே மட்டும் பார்த்தால் 88இலிருந்து 48. ஒரே வருஷத்தில்! இடையில் தேர்தல் முடிந்தது, அவர்கள் ஆள் டிரம்ப் ஜெயித்தார், எல்லையில் நுழைவது வெகுவாகக் குறைந்தது, ஊருக்குள் குடியேறிகளைப் பிடிப்பதும் தொடங்கியது. அலறச் சொன்னவர்களே ஆட்சியில் உட்கார்ந்தால் அலறலுக்கு வேலை குறைகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

என் கூடப்பிறந்த அக்காவின் மகன் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறான். போன வருஷம் போனில், எல்லை தாண்டி வருகிறவர்களை அப்படித் திட்டினான். "நாங்க முறையா விசா வாங்கி வந்தவங்க மாமா" என்பான். நேற்றுப் பேசியபோது குரல் இறங்கியிருந்தது. "இப்ப எங்க ஹெச்-1பி வேலை விசா பத்தி ஆரம்பிச்சுட்டாங்க மாமா."