போகும், ஆனா தங்காது

"அப்ப அந்த வைரஸ் நெஞ்சுக்குள்ள போகாதா டொக்டர்?"

"போகும் அம்மா. ஆனா தங்காது."

இந்தப் பதிலில் தகவல் பிழை எதுவும் இல்லை. இரண்டு நிமிடம் கழித்துச் சொன்ன மற்றப் பதிலைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

மட்டக்களப்பில் பாலமீன்மடுப் பக்கத்துத் தாய். ஒன்பது வயது மகனுக்கு சிஸ்டிக் பைப்ரோசிஸ், நுரையீரலில் சளி தடித்து அடைக்கும் பரம்பரை நோய். லண்டனிலிருக்கும் அவரது தம்பி வட்சப்பில் செய்தி அனுப்பியிருந்தார்: நல்ல மரபணுவை வைரசில் ஏற்றி நெபுலைசரில் பிடிக்கக் கொடுக்கிறார்களாம், ஒருதரம் பிடித்தால் போதுமாம். பிள்ளையின் மரபணுப் பரிசோதனையைத் தன் செலவிலேயே செய்விக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். "செய்யவா டொக்டர்?" என்று தாய் கேட்டார். "இப்ப தேவையில்ல அம்மா. அந்த மருந்து இன்னும் வரல்ல" என்றேன்.

என் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்னதல்ல.

இந்த நோயில் பிழைபடும் சி.எஃப்.டி.ஆர். மரபணுவை, கலத்தில் குளோரைட்டைக் கடத்தும் புரதத்துக்கான மரபணுவை, 1989இல் கண்டுபிடித்தார்கள். நான்கே வருடத்தில், 1993இல், அதைச் சாதாரணத் தடிமனைத் தரும் அடினோ வைரசில் ஏற்றி நோயாளிகளின் மூக்கிலும் சுவாசக்குழாயிலும் விட்டுப் பார்த்தார்கள். மரபணுச் சிகிச்சைக்கு நுரையீரல்தான் ஆக இலகுவான உறுப்பு என்று அப்போது பலர் நம்பினார்கள். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், மூச்சை இழுத்தால் மருந்து உள்ளே. ஆய்வுகூடத் தட்டில் வைரஸ் கலங்களுக்குள் தாராளமாகப் போயிற்று. இன்னொரு ஊக்கமும் இருந்தது. எல்லாக் கலங்களையும் திருத்தத் தேவையில்லை. திருத்திய கலங்கள் 10 சதவீதத்துக்குக் கிட்ட இருந்தாலே அந்தக் கலப்படை குளோரைட்டைச் சீராகக் கடத்தும் என்று 1992இல் தட்டிலே காட்டியிருந்தார்கள்.

தட்டில் வளரும் கலத்துக்கும் மனித நெஞ்சில் இருக்கும் கலத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அடுத்த முப்பது வருடத்தையும் தின்றது. தட்டில் கலம் பரந்து கிடக்கும், வைரஸ் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் வெளியே தெரியும். சுவாசக்குழாயில் கலங்கள் தோளோடு தோள் இறுகி நிற்கின்றன. அடினோ வைரஸ் தேடும் வாங்கி கலத்தின் மேற்பக்கத்தில் இல்லை, இறுக்கச் சந்திகளுக்குக் கீழே பக்கவாட்டிலும் அடியிலும் இருக்கிறது. காற்றோடு வருகிற வைரஸ் மேலே வந்து இறங்கும், வாங்கியோ கீழே. காயப்பட்டு ஆறிவரும் இடத்தில் மட்டும் அது வெளிப்படும், அங்கே வைரஸ் நன்றாக நுழையும். தொடக்க வெற்றிகள் சில அப்படிப்பட்ட இடங்களில் கிடைத்தவை. நுழையாததற்கு அளவைக் கூட்டினார்கள். காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் வந்தன. 1999இல் அமெரிக்காவில் ஜெஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் மரபணுவைச் சுமந்துசெல்லும் அடினோ வைரஸால், அதாவது அடினோ வைரஸ் காவியால், இறந்தார். அது ஈரல் நோய்க்கான ஆய்வு, வைரஸ் ஈரலுக்குப் போகும் நாடியில் ஏற்றப்பட்டது. ஆனாலும் அந்தக் காவியைத் தொட்ட பலர் கையை இழுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தாய்க்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். நெபுலைசரைப் பற்றி மட்டும் விரிவாகவே சொன்னேன், அது அவர் தினமும் கையில் எடுக்கிற சாமான். காற்றமுக்க நெபுலைசரில் 3 மில்லிலீற்றர் ஊற்றினால் கிட்டத்தட்ட 1 மில்லிலீற்றர் கோப்பையிலேயே மிஞ்சும். மீதித் திரவமும் ஒரே தடவையில் வெளியேறுவதில்லை. பெரிய துளிகள் தடுப்பில் மோதி, திரும்பக் கோப்பைக்குள் விழுந்து, மறுபடி உடைபடும். மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோலுக்கு அதனால் கெடுதியில்லை. வைரசின் புரத உறை அந்த இழுபறியில் சிதையலாம். அதனால்தான் இப்போதைய ஆய்வுகள் அதிரும் வலைத்தட்டு நெபுலைசரை நாடுகின்றன; அதில் திரவம் வலைக் கண்ணால் ஒருமுறை தள்ளப்படுவதோடு சரி. துளியின் அளவும் முக்கியம். 5 மைக்ரோனுக்கு மேற்பட்டது பெரும்பாலும் தொண்டையில் படியும், 1 மைக்ரோனுக்குக் குறைந்ததில் கணிசமானது வெளிமூச்சோடு திரும்பி வரும்.

உள்ளே போன துளிக்கு அடுத்த தடை சளி. இந்த நோயில் சளி என்பது வெறும் வழுவழுப்பு இல்லை. செத்த வெள்ளைக் கலங்களின் டி.என்.ஏ. இழைகள் பின்னிய வலை அது. அடினோவுக்குப் பிறகு முயன்ற இன்னொரு சின்ன வைரஸ் ஏ.ஏ.வி. 25 நனோமீற்றர், அடினோ 90 நனோமீற்றர் அளவு. சின்னது வலைக் கண்ணால் புகுந்துவிடும் என்று நினைப்போம். சளியில் ஒட்டிக்கொள்கிற தன்மை அதையும் பிடித்து நிறுத்தும். சளிக்குக் கீழே பிசிர்கள், கலங்களின் நுண்மயிர்கள், அதை மேல்நோக்கித் தள்ளி அடித்துக்கொண்டிருக்கின்றன. எந்த மூச்சுவழி தொற்றை வெளியேற்ற ஏற்பட்டதோ, அதே வழியாக வைரசை அனுப்பி ஏற்கச் சொல்கிறோம்.

ஏ.ஏ.வி.யின் கதை எனக்குக் கூடுதலாக வலிக்கிறது, அது கணக்கிலேயே தோற்றது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 4,700 டி.என்.ஏ. எழுத்து. சி.எஃப்.டி.ஆர். புரதத்தை எழுதத் தேவையான பகுதி மட்டும் 4,443. இரு முனைகளிலும் கட்டாயம் இருக்கவேண்டிய துண்டுகள் தலா 145. கூட்டினால் 4,733. மரபணுவை இயக்கும் ஊக்கித் துண்டுக்கு இடமே இல்லை. முனைத் துண்டுகளுக்கு இருந்த சொற்ப இயக்கும் திறனை நம்பித்தான் முதல் ஏ.ஏ.வி. மருந்தைச் செய்தார்கள். 102 பேரில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் மூச்சுத் திறன் கூடவில்லை. வைரஸ் துணுக்கு கலத்துக்குள் போனது தெரிந்தது, அதிலிருந்து புரதம் உருவான அடையாளம் தெரியவில்லை.

"வைரஸ்தானே, பிள்ளைக்கு வருத்தம் வராதா?" என்றும் கேட்டார். 2021இல் நம் நாட்டில் போடத் தொடங்கிய கோவிஷீல்ட் ஊசியும் அடினோ வைரஸ் காவிதான் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்த ஒப்பீடு எவ்வளவு தலைகீழானது என்று உறைத்தது. தடுப்பூசிக்கு வைரஸ் கொஞ்ச நாள் வேலை செய்தால் போதும், உடல் அதைக் கண்டு பொங்கவேண்டும். நுரையீரல் சிகிச்சையில் அந்தப் பொங்குதல்தான் எதிரி. முதல்தரம் கொடுத்ததும் பிறபொருளெதிரி உருவாகும், இரண்டாம் தரம் கொடுக்கிற அதே வைரஸ் கலத்தைத் தொடமுன் பிடிபடும்.

இரண்டாம் தரம் ஏன் தேவை என்பதற்குத்தான் "தங்காது" என்ற சொல் வந்தது. சுவாசக்குழாயின் மேற்கலங்கள் நிரந்தரமில்லை. பழையவை உதிர, அடியிலிருக்கும் மூலக் கலங்கள் பிரிந்து புதியவை வரும். மரபணுவை வாங்கிய கலம் உதிர்ந்தால் மரபணுவும் அதோடு போகும். மூலக் கலத்தையே திருத்தினால் தங்கும், ஆனால் அது மேற்கலங்களுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

அந்தத் தாய் கொஞ்சம் யோசித்தார். "களப்பு முகத்துவாரம் வெட்டிவிடுற மாதிரி. மண் திரும்ப மூடிரும், என்ன?" என்றார்.

"ஓம், அப்பிடித்தான்" என்றேன். பரிசோதனை தேவையில்லை என்று சொன்னது அதற்குப் பிறகு.

இப்போது அந்த வரிசையைத்தான் பார்க்கிறேன். வைரஸ் ஏன் தங்காது என்ற விளக்கம் தெளிவாக இருந்தது, அவருக்கும் முழுதாக விளங்கியது. அந்தத் தெளிவின் பலத்திலேயே அடுத்த பதிலும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டதோ என்று ஐயப்படுகிறேன். அவர் கேட்டது வேறு கேள்வி. மருந்து எங்கே நிற்கிறது என்பது ஒன்று, இந்தப் பிள்ளையின் மரபணுவில் எது பிழை என்பது இன்னொன்று.

நான் நினைத்தது இதுதான்: இந்த நோய்க்கு ட்ரைகஃப்டா என்ற மாத்திரை 2019இல் வந்தது, அமெரிக்க விலை ஆண்டுக்கு 3 லட்சம் டொலருக்கு மேல். எந்த விகாரம் (மரபணுப் பிழை) என்று தெரிந்தால், எந்த மருந்தை வாங்க முடியாது என்பது மட்டுமே இந்தக் குடும்பத்துக்குப் புதிதாகத் தெரியவரும். தம்பியின் காசு அன்டிபயோட்டிக்குக்கும் உப்பு நீருக்கும் போகட்டும். உடற்பயிற்சியும் முதுகு தட்டிச் சளி எடுப்பதும் நின்றுவிடக் கூடாது. "ஒருதரம் பிடித்தால் போதும்" என்ற நம்பிக்கை வந்த வீட்டில் முதலில் நிற்பவை அவைதான். இதை இன்றும் பிழை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் மாத்திரைகள் திருத்துவது இருக்கிற புரதத்தை. புரதமே உருவாகாத விகாரமென்றால் மாத்திரை பலனில்லை, மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வழி. இப்போது நடக்கும் வைரஸ் ஆய்வுகள் பெரும்பாலும் தேடுவது அப்படிப்பட்டவர்களைத்தான். சுவாசக் கலங்களில் தொற்றும் செண்டாய் வைரசின் மேற்புரதங்களைப் போர்த்திய லென்டி வைரஸ் என்ற காவி, கலத்தின் மேற்பக்கத்தாலேயே நுழைகிறது. எலிகளில் ஏறக்குறைய அவற்றின் ஆயுள் முழுதும் மரபணு வேலை செய்தது, திரும்பவும் கொடுக்க முடிந்தது. மனிதரில் அதன் முதற்கட்டம் ஐரோப்பாவில் தொடங்கியிருக்கிறது. மரபணுவின் ஒரு துண்டை வெட்டிக் குறுக்கி இடம் பிடித்த புதிய ஏ.ஏ.வி. ஒன்றும், மரபணுவின் இரண்டு பிரதிகளைச் சுமக்கும் ஹேர்பிஸ் வைரஸ் ஒன்றும் நெபுலைசரில் கொடுத்துப் பார்க்கப்படுகின்றன. எல்லாம் 18 வயது நிறைந்தவர்களுக்கு. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒன்பது வருடம். "இன்னும் வரல்ல" என்றபோது, ஒன்பது வருடத்தையும் ஒன்றும் செய்யாமல் இருக்கவேண்டிய காலமாக அவருக்குக் கொடுத்துவிட்டேனோ?

பரிசோதனையைச் செய்வதாக இருந்தாலும் எதைச் செய்வது என்று தம்பிக்கு எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். ஐரோப்பியரில் பெரும்பான்மையாக இருக்கும் எஃப்-508-டெல் விகாரத்தின் பங்கு தெற்காசியரிடம் குறைவு. ஐரோப்பியருக்காக அமைத்த விகாரப் பட்டியலை வைத்துப் பார்க்கும் மலிவுப் பரிசோதனையில் நம் பிள்ளைகளுக்கு 'ஒன்றும் இல்லை' என்று அறிக்கை வந்துவிடலாம். மரபணுவின் புரதத்துக்கான துண்டுகளான 27 எக்சோன்களையும் முழுதாக வாசிக்க வேண்டும், பெரிய துண்டு விடுபட்டிருக்கிறதா என்றும் தனியாகப் பார்க்கவேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் இடீடீஏ குழாயில் 2 மில்லிலீற்றர் இரத்தம் போதும்.

ஆகக் கூடுதலாக உறுத்துவது வைரசோடு சம்பந்தமே இல்லாதது. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பிழைப் பிரதியைச் சுமக்கும்போது அடுத்த பிள்ளைக்கு இதே நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. மகனின் விகாரம் தெரிந்தால் தாயின் தங்கச்சிமாரிலும் அதைத் தேடிப் பார்க்கலாம். பரிசோதனைக்கு அதுவே போதிய காரணம். அன்று கதை முழுதும் வைரசைச் சுற்றிப் போனதில் இது என் வாயில் வரவேயில்லை.

அடுத்த கிளினிக்கில் இரத்தம் எடுக்கலாம் என்று சொல்ல நினைத்திருக்கிறேன். "அப்ப ஏன் அண்டைக்கு வேணாம் எண்டீங்க?" என்று அவர் கேட்பார். விலையைச் சொல்லலாம், வயதைச் சொல்லலாம், எல்லாம் உண்மை. அன்றும் உண்மையைத்தான் சொன்னேன்.